டிபன் டப்பாவில் ஒரு குமிழ்

நான் பழுது பார்த்த பொருள்களுக்கு அளவில்லை. நானாகச் செய்த பொருள் ஒன்றே ஒன்றுதான். ஓர் அலுமினிய டிபன் டப்பா. மூடியில் பெரிதும் சிறிதுமாக இரண்டு குமிழ்கள், பின்பக்கம் வயரின் பின் செருகுவதற்கு ஒரு துளை. ஒரு வருடத்துக்கும் மேலாக அந்த டப்பா மேடையில் வேலை செய்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ராஜபாளையத்தில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். ஆம்ப்ளிபயர், ஸ்பீக்கர், மைக் செட் ரிப்பேர். இந்தத் தொழிலுக்கு என்னைப் போலப் பயந்தவன் வந்திருக்கவே கூடாது. கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை போய், சால்ட்ரிங் ராடை அணைத்தோமா என்று திரும்பி வந்து பார்ப்பேன். அணைத்துத்தான் இருக்கும். ஆம்ப்ளிபயரை வாங்கிக்கொண்டு போனவர் வீடு போய்ச் சேரும் முன்னே போன் போட்டு, “சூடாகுதா? கருகல் வாட ஏதும் வருதா?” என்று கேட்பேன். அவர் இன்னும் வண்டியில் போய்க்கொண்டிருப்பார். எட்டாம் வகுப்பின் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் கையால் தெரிந்தது. ஏன் அப்படி என்று யாராவது கேட்டுவிட்டால் பதில் சொல்லத் தெரியாது. பயம் அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர்க் காற்றில் பஞ்சு இருக்கிறது. மில்லுக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் ஆம்ப்ளிபயரைத் திறந்தால் உள்ளே குருவி கூடு கட்டியது போல அடைந்து கிடக்கும். பின் செருகும் துளைக்குள்ளும் பஞ்சு போய் உட்காரும், அதனால் கரகரவென்று சத்தம் வரும். என் மனைவி பேண்டேஜ் துணி மடிக்கும் ஷெட்டுக்கு வேலைக்குப் போகிறாள். அங்கே கழித்துப் போடும் துண்டுகளைக் கொண்டுவருவாள். நான் சரி பண்ணிக் கொடுக்கும் எந்தச் சாமானாக இருந்தாலும், அதன் துளைகளில் இந்தப் பேண்டேஜ் துணியைச் சுருட்டி அடைத்துத்தான் கொடுப்பேன். “மாட்டுறதுக்கு முன்ன பேண்டேஜ எடுத்திருங்க” என்று சொல்லி அனுப்புவேன். இதனால் எனக்குக் கடைத்தெருவில் டாக்டர் என்று பெயர். “ஏலே டாக்டரு, ஏம் ஸ்பீக்கரு பொழச்சிருச்சா?” என்று கேட்டுக்கொண்டே வருவார்கள்.

இனி, அந்த டப்பாவை மேடையில் வைத்து வாசித்தவனைப் பற்றி. மில்லில் நானும் அவனும் ஒரே ஷிப்ட். எனக்கு முன்பே மில்லை விட்டுவிட்டு, கீபோர்டு பழகி, மெல்லிசைக் குழுவில் சேர்ந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் கட்டி, செண்பகத்தோப்புக்குப் போகும் சாலையில் குடியிருக்கிறான். என்னை மாப்ள என்பான், நானும் அவனை மாப்ள என்பேன். சொந்தம் ஒன்றும் கிடையாது.

ஒருநாள் ஒரு பெரிய பெட்டியை ஆட்டோவில் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்தான். பழைய சிந்தசைசர். சென்னையில் ஒரு ஸ்டுடியோக்காரர் கழித்துப் போட்டதாம்.

“இது சாதா கீபோர்டு இல்ல மாப்ள. அனலாக். சத்தத்த எங்கயிருந்தும் எடுத்துப் போடாது. அந்தந்த நேரத்துல கரண்டுலயே உண்டாக்கும்” என்றான்.

வாசித்தும் காட்டினான். ஒரே கட்டையை அமுக்கிப் பிடித்தாலும் அந்தச் சத்தம் சும்மா நிற்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக அசைந்துகொண்டே இருந்தது.

அதில் ஒரே ஒரு குறை. குமிழே கிடையாது, எல்லாம் பொத்தான்கள். சத்தத்தை மூடிவைத்து மெல்லத் திறக்க வேண்டுமென்றால் ஒரு பொத்தானை அமுக்கி, நம்பர் போட்டு, இன்னொரு பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குள் பாட்டு அடுத்த சரணத்துக்குப் போய்விடும். மிஷினின் முதுகில் கால் பெடல் மாட்ட ஒரு துளை இருந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் அந்த இடத்தில் பெடலுக்குப் பதில் குமிழ் வைத்த சின்னப் பெட்டியை மாட்டித் திருப்புவதைப் போனில் காட்டினான்.

“இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடு மாப்ள.”

“நான் என்னத்தக் கண்டேன். ரிப்பேருதான் நமக்கு.”

“ஒன்னைய விட்டா யாரு இருக்கா? எம்புட்டு நாளானாலும் சரி. நீ செஞ்சாத்தான் மாட்டுவேன்.”

நீ செஞ்சாத்தான் மாட்டுவேன். இதைச் சொன்னது அவன்தான். எங்கே உட்கார்ந்து சொன்னான், கையில் என்ன வைத்திருந்தான் என்பதுகூட நினைவிருக்கிறது. பாதி தின்ற சீனிச்சேவு.

வேலை பெரிதில்லை. அந்தத் துளையில் மூன்று தொடர்புகள். ஒன்றில் மிஷின் ஐந்து வோல்ட் தருகிறது, இன்னொன்று எர்த்து. இரண்டுக்கும் நடுவே ஒரு வால்யூம் கண்ட்ரோலை வைத்தால், திருப்பும் அளவுக்கு ஏற்ற வோல்ட்டை அதன் நடுக்கால் மூன்றாவது தொடர்பு வழியே மிஷினுக்குத் திருப்பிக் கொடுக்கும். அவ்வளவுதான். தெரிந்தவன் அரைமணி நேரத்தில் முடித்துவிடுவான். எனக்கு மூன்று வாரம் ஆனது.

பாய் கடையில் கண்ட்ரோல் வாங்கப் போனேன். பாயிடம் எல்லா ரிப்பேர்க் கடைக்காரர்களும்தான் சாமான் வாங்குவோம். நான் ஒன்பது கண்ட்ரோல்களைத் திருப்பிப் பார்த்ததும் அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

“என்ன டாக்டரே, யாருக்கு ஆபரேஷன்?”

“கையில திருப்பினா வழுக்கிட்டுப் போணும் பாய். நடுவுல சொரசொரன்னு இருக்கக் கூடாது.”

“பொண்ணு பாக்க வந்தாப்பல இருக்கே. எடும்யா, எதையாவது ஒண்ண எடும்.”

பாதுகாப்புக்கு ஒரு ரெசிஸ்டர் போதும், நான் இரண்டு போட்டேன். மில்லுக்குச் சோறு கொண்டுபோன பழைய டப்பாதான் பெட்டி. அலுமினியம் என்பதால் ஓட்டை போடுவது எளிது, சுற்றியுள்ள வயர்களின் இரைச்சலும் உள்ளே வராது. பெரிய கண்ட்ரோலுக்கு ஒரு பழைய ரேடியோவில் ஸ்டேஷன் திருப்பும் குமிழைக் கழற்றி மாட்டினேன். கைக்கு அடக்கமாக இருந்தது. சத்தம் எவ்வளவு தூரம் திறக்கலாம் என்று வரம்பு கட்ட, பக்கத்தில் ஒரு சின்னக் குமிழ். மிஷினை அவன் கொண்டுபோய்விட்டதால், போன் சார்ஜரிலிருந்து ஐந்து வோல்ட் எடுத்து டப்பாவுக்குக் கொடுத்து மீட்டரில் பார்த்தேன். குமிழைத் திருப்பும்போது நடுவில் எங்காவது குதிக்கிறதா, டப்பா சுடுகிறதா, இரண்டு வயர் எங்காவது உரசுகிறதா என்று நாள் தவறாமல் ஒரு வாரம் பார்த்தேன். ஒன்றுமில்லை.

கொடுக்கிற அன்று, காலண்டர் தாளின் பின்பக்கம் அவனுக்கு எழுதியும் கொடுத்தேன். மிஷினை அணைத்த பிறகே மாட்ட வேண்டும், பாதி செருகி நிறுத்தக் கூடாது, கருகல் வாடை வந்தால் உடனே பிடுங்க வேண்டும், இப்படி ஒரு பக்கம் முழுக்க. துளையில் பேண்டேஜ் அடைத்தேன். வாயாலும் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். “சரி மாப்ள, சரி மாப்ள” என்று வாங்கிக்கொண்டு போனான்.

மறுநாள் போன் வந்தது.

“மாப்ள! பிரமாதம்!”

“சூடாச்சா?”

“ஐஸு மாதிரி இருக்கு. ரைட்ல திருப்பத் திருப்ப அப்படியே தெறந்துக்கிட்டு வருது. சாமி!”

அன்று கடையைப் பூட்டிவிட்டு நான் திரும்பி வந்து பார்க்கவில்லை. நேரே வீட்டுக்குப் போனேன்.

பிறகு அவன் எங்கே வாசித்தாலும் முடிந்தவரை போனேன். கூமாப்பட்டி வரைக்கும் பஸ் ஏறிப் போயிருக்கிறேன். முன்வரிசையில் உட்காருவேன். மிஷினுக்கு மேலே ஒரு பட்டுத்துணி விரித்து அதன் நடுவில் டப்பாவை வைத்திருப்பான். இடது கையால் கட்டைகளைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் குமிழை மெல்லத் திருப்புவான். எங்கோ அடைத்துக் கிடந்தது போல இருந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மண்டபம் முழுக்க நிறையும். ஜனங்கள் விசில் அடிப்பார்கள். நான் விசிலைக் கேட்கமாட்டேன், கரகரப்பு வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். ஒருமுறைகூட வந்ததில்லை. எவ்வளவு சுத்தம் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

எங்கள் ஊரில் ஒரு கல்யாண வரவேற்பு. பாட்டுக்கு நடுவில் மைக்கை வாங்கி, “இந்தப் பெட்டியச் செஞ்சவரு இங்கதான் உக்காந்திருக்காரு. ஏம் மாப்ள. மேல வாங்க” என்றான். நான் எழுந்திருக்கவில்லை. யாரோ தள்ளிவிட்டார்கள். மேடையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பச்சை நிறச் சால்வை ஒன்றைப் போர்த்தினான். கை தட்டினார்கள். என் மனைவி போனில் வீடியோ எடுத்தாள். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு யாரும் கை தட்டியதில்லை. அன்று கொஞ்சம் அழுதுவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒருநாள் மத்தியானம், பஸ்ஸை நிற்கச் சொல்லிவிட்டு வந்தவன் போலக் கடைக்குள் நுழைந்தான்.

“மாப்ள, பெரிய நாப்பு லூசா ஆடுது. திருப்பினா சும்மா சுத்துது. செத்தப் பாரு. நாளைக்கு வந்து வாங்கிக்கிடுதேன்” என்று டப்பாவை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

எனக்கு அதில் ஒரு பெருமை. குமிழைத்தான் அவன் நாப்பு என்பான்; அதன் திருகு தேயும் அளவுக்குத் திருப்பியிருக்கிறான். சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு டப்பாவைத் திருப்பினேன். பின்பக்கத் துளையில் பேண்டேஜ் இருந்தது.

முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பஞ்சு போகாமல் இருக்க அவனே திரும்ப அடைத்திருப்பான் என்று நினைத்தேன். பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். துணி மஞ்சளாகிப் போயிருந்தது. அதன் ஓரமும் துளையின் ஓரமும் சேருமிடத்தில் அழுக்கு ஒரு வளையமாக இறுகிக் கிடந்தது. எடுத்து எடுத்து அடைத்த துணியில் அப்படி ஒரு வளையம் விழாது. நான் சுருட்டிய சுருட்டும் அப்படியே இருந்தது, இடமிருந்து வலமாக. அது என் கைப்பழக்கம்.

வீட்டுக்குப் போய், மனைவியின் போனில் கல்யாண வீடியோவைப் போடச் சொன்னேன். இதுவரை நான் என்னைத்தான் அதில் பார்த்திருக்கிறேன். இப்போது மேடைக்குப் பக்கவாட்டில் நின்று அவள் எடுத்திருந்த இடத்தில் நிறுத்தினேன். பட்டுத்துணி தெரிந்தது. டப்பாவின் பின்பக்கம் தெரிந்தது. வயர் இல்லை. அதற்கு ஒரு முழம் தள்ளி, சால்வையோடு நான்.

அவள் போனைக் கிட்டே வாங்கிப் பார்த்தாள்.

“ஏங்க, கரண்டே குடுக்காமயா இம்புட்டு நாளும் திருகிட்டு இருந்தாரு அந்த மனுசன்?”

“ஆமா.”

“அப்ப சத்தம் எப்படி வந்துச்சு?”

எனக்கும் அதுதான் தெரியவில்லை.

மறுநாள் அவன் வரும்வரை என்னால் காத்திருக்க முடியவில்லை. காலையிலேயே டப்பாவையும் ஒரு வயரையும் ஸ்க்ரூ டிரைவரையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். அரைமணி நேரப் பயணம்தான். அதற்குள் அவனுக்காக நானே பத்துக் காரணம் யோசித்துவிட்டேன். கல்யாண மண்டபத்தில் மட்டும் மாட்ட மறந்திருப்பான். வேறு டப்பா ஏதாவது வைத்திருப்பான். எதுவும் நிற்கவில்லை.

பனியனோடு வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

“வா மாப்ள. நானே வாரேன்னுல்ல சொன்னேன். நாப்பு சரியாயிட்டா?”

“மிஷின எடு. டப்பாவ மாட்டிக் காட்டு.”

“என்னது?”

டப்பாவின் பின்பக்கத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். வாயில் நுரையோடு பார்த்துக்கொண்டே நின்றான். கொப்பளித்துவிட்டு வந்து, “மறந்துட்டேன் மாப்ள” என்றான்.

“எத மறந்த? மாட்டவா, பேண்டேஜ எடுக்கவா?”

துண்டை எடுத்து வாயைத் துடைத்தான்.

“ஒரு தடவையாவது மாட்டினியா?”

“இல்ல.”

“ஏம்லே?”

“நீதாம்லே காரணம்” என்றவன் உள்ளே போய் மிஷினின் உறையிலிருந்து எதையோ எடுத்து வந்தான். என் காலண்டர் தாள். பத்திரமாக நாலாக மடித்து வைத்திருந்தான். “இதப் படி. பாதி செருகக் கூடாது. கருகல் வாட வந்தா பிடுங்கணும். பொக வந்தா மெயின அமத்தணும். இதப் படிச்சிட்டு எவன் மாட்டுவான்? எங்கிட்ட இருக்கது இந்த ஒத்த மிஷினு. இதுக்குப் பார்ட்ஸ் ஒலகத்துலயே கெடையாது. ஒனக்கே ஒன் சாமான் மேல நம்பிக்கை இல்ல. நான் எப்படி மாட்டுவேன்?”

“அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?”

“எங்க மச்சினர்ட்டயும் காட்டுனேன். இன்ஜினியரிங் படிச்சவிய. இது சோத்து டப்பால்லான்னு சிரிச்சாவ.”

“தெறந்து பாத்தாவளா?”

“தெறக்கல.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். மிஷினிலேயே, கட்டையை அமுக்கியதும் தானாக மெல்லத் திறக்கும்படி ஒரு சத்தத்தை அமைத்து வைத்திருந்தானாம். அது திறக்கும் வேகத்துக்குக் குமிழைத் திருப்பப் பழகிக்கொண்டானாம். “அதுக்கே ஒரு மாசம் பழகுனேன் மாப்ள” என்றான், அது எனக்குச் செய்த மரியாதை மாதிரி.

“அப்ப சால்வ?”

“அது நெசமாப் போட்டது. ஒம் மேல உள்ள பிரியத்துல.”

“டப்பாவுக்குன்னுல்ல மைக்ல சொன்ன.”

தலையைச் சொறிந்தான். போனில் “ஐஸு மாதிரி இருக்கு” என்று சொன்ன நாளை நினைத்துக்கொண்டேன். அது மட்டும் பொய்யில்லை. கரண்டு போகாத டப்பா எப்படிச் சுடும்?

நான் உள்ளே போய் மிஷினை எடுத்து மேசையில் வைத்து, ஸ்பீக்கரோடு இணைத்தேன். அவன் தடுக்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டான். மிஷின் அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன். பேண்டேஜை நகத்தால் நெம்பி எடுத்தேன், அழுக்கு வளையம் தனியாக உதிர்ந்தது. இரண்டு பக்கமும் வயரைச் செருகினேன், கடைசி வரை. ஆடிய குமிழை டிரைவரால் இறுக்கினேன். சுவிட்சைப் போட்டுவிட்டு மூக்கை டப்பாவுக்குக் கிட்டே கொண்டுபோனேன். வாடை இல்லை, புகை இல்லை. மிஷின் எப்போதும் போல எரிந்தது.

“ஒரு கட்டைய அமுக்கு. சாதா சத்தம். தானா தெறக்கது வேண்டாம்.”

அமுக்கினான். நான் குமிழை வலது பக்கம் திருப்பினேன். சத்தம் மூடிக்கொண்டது. அண்டாவைக் கவிழ்த்துப் போட்டது போல அடங்கிப்போனது. இடது பக்கம் திருப்பினேன். திறந்தது. வீடு முழுக்க, கரகரப்பு ஒரு துளி இல்லாமல், அவன் மேடையில் காட்டியதைவிட அழகாகத் திறந்தது. ஆனால் தலைகீழாக.

கண்ட்ரோலைப் பின்பக்கமாகப் பார்த்து ஈயம் வைத்தவன் செய்யும் தப்பு. இடது காலும் வலது காலும் மாறிவிடும். மீட்டரில் ஒரு வாரம் பார்த்தேனே. நடுவில் குதிக்கிறதா என்றுதான் பார்த்தேனே தவிர, எந்தப் பக்கம் திருப்பினால் ஏறுகிறது என்று பார்க்கவே இல்லை.

அவன் சிரித்துவிட்டான். சிரிப்பில் பாரம் இறங்கியது தெரிந்தது.

“நல்லவேள மாப்ள, மேடைல மாட்டல. மானம் போயிருக்கும்.”

அதுவரைக்கும் எனக்கு வருத்தம்தான் இருந்தது. கோபம் அந்த இடத்தில்தான் வந்தது. இரண்டு வயரை மாற்றி ஈயம் வைத்தால் சரியாகிவிடும். ஐந்து நிமிட வேலை. அன்று அவன் மாட்டிப் பார்த்துவிட்டு, “ஏலே, தலகீழாத் திரும்புதுலே” என்று போனில் வைதிருந்தால், ராடையும் ஈயத்தையும் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்திருப்பேன். ஒருநாள் வெட்கப்பட்டிருப்பேன். இவன் என் தப்பை என்னிடமிருந்து மறைத்துவிட்டு, பாராட்டை மட்டும் ஒரு வருடம் கொடுத்திருக்கிறான். நான் என்ன செய்தேன் என்பதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. வயரைப் பிடுங்கி டப்பாவைப் பையில் போட்டேன்.

“அடுத்த வாரம் ஆலங்குளத்துல கச்சேரி மாப்ள. டப்பாவ வச்சிட்டுப் போயேன். ஆளுக தேடும்” என்றான்.

“நாப்பு திரும்ப லூசாயிரும். சரி பண்ணித் தாரேன். கடைக்கு வந்து வாங்கிக்கோ.”

கடைக்கு வந்ததும் மூடியைத் திறந்து, அந்த இரண்டு வயரையும் மாற்றி வைத்தேன். மீட்டரைப் போட்டு, இந்தத் தடவை பக்கத்தை மட்டும் பார்த்தேன். வலது பக்கம் திருப்பினேன். ஏறியது. நாலைந்து தடவை திருப்பினேன். பிறகு ராடு சூடாக இருக்கும்போதே எல்லாவற்றையும் கழற்றினேன். இரண்டு ரெசிஸ்டர், சின்னக் கண்ட்ரோலின் வயர்கள், பின் செருகும் சாக்கெட், எல்லாம். மூடியில் குமிழ்களும் அவற்றைத் தாங்கும் கண்ட்ரோல்களும் மட்டும் இருந்தன, எதனோடும் சேராமல். குமிழின் தேய்ந்த திருகை எடுத்துவிட்டுப் புதிது போட்டேன். இனி ஆடாது. வெறும் துளையில் புதுப் பேண்டேஜ் சுருட்டி அடைத்தேன்.

சோறு கொண்டுவந்த என் மனைவி டப்பாவைத் தூக்கிப் பார்த்தாள்.

“என்னங்க, உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு?”

“அவனுக்கு இம்புட்டு போதும்.”

அவன் வந்தான். குமிழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். “கல்லு மாதிரி நிக்கி மாப்ள” என்றான். பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. கை கனத்தையும் கவனிக்கவில்லை. டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

ஆலங்குளத்துக்கு நான் போகவில்லை. கச்சேரி முடிந்த இரண்டாம் நாள், அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் ரிப்பேருக்குக் கொடுத்திருந்த ஆம்ப்ளிபயரைத் திரும்ப வாங்க வந்தார்.

“அண்ணாச்சி, நேத்துக்கு முந்தின நாள் ஒங்க டப்பாவக் கேட்டேன். பேசிருச்சு போங்க.”

“அப்படியா” என்றேன்.

ஆம்ப்ளிபயரை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். துளைகளில் பேண்டேஜ் இருந்தது. அவர் தூக்கப் போனார். நான் விடவில்லை.

“பேண்டேஜ எடுங்க. இங்கயே மாட்டுங்க. பாத்துட்டு, தப்பு இருந்தா என்னைய வைஞ்சிட்டுப் போங்க.”

“எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சே அண்ணாச்சி.”

“அடுத்த பஸ்ஸுல போகலாம்” என்று சொல்லி, வயரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.